அப்பாவுக்கு டிபி, வீட்டு நாயும் இருமுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு பதில் வேணும்

தறிவீட்டுப் பொண்ணு, சங்கரன்கோவில்
புதன் இரவு

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் இங்க வாசிச்சிட்டுப் போயிருக்கேனே தவிர எழுதுனது இல்ல. இன்னைக்கு வேற வழி தெரியாம எழுதுதேன்.

எங்க அப்பாவுக்கு 61 வயசு. முப்பது வருஷத்துக்கு மேல விசைத்தறி. தீபாவளி சமயத்துல வந்த இருமல் பொங்கல் தாண்டியும் நிக்கல. தறித் தூசி, தறித் தூசின்னு சொல்லியே நாள் ஓடிட்டு. 52 கிலோ இருந்தவங்க 41க்கு வந்த பெறவுதான் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். சளி டெஸ்ட் எடுத்தாவ. டிபின்னு வந்துட்டு. போன திங்கள்ல இருந்து தினமும் காலைல மூணு மாத்திரை சாப்பிடுதாவ.

நான் கேக்க வந்தது எங்க வெள்ளையனைப் பத்தி. பொமரேனியன் கலப்பு, ஒம்பது வயசு. அப்பா கட்டிலுக்கு அடியிலதான் படுப்பான். சாயங்காலம் டீ குடிக்கையில அப்பா ஒரு பொறையை முக்கி, பாதியைக் கடிச்சிட்டு மீதியை அவனுக்கு நீட்டுவாவ. ஒம்பது வருஷமா ஒரு நாள் தவறுனது இல்ல. இப்ப ஒரு மாசமா அவனும் இருமுதான். தொண்டையில எலும்பு சிக்குன மாதிரி கழுத்தை நீட்டிக்கிட்டு, முன்னங்காலை அகட்டி வச்சுக்கிட்டு இருமுதான். ராத்திரி அப்பா ஒரு தடவை இருமுனா கட்டிலுக்குக் கீழ இருந்து இவன் ஒரு தடவை. கேக்கவே முடியல.

அண்ணி பிரசவத்துக்குப் போயி இப்பத்தான் வந்திருக்காங்க. பாப்பாவுக்கு மூணு மாசம். சித்தப்பா வந்து பாத்துட்டு, "நாய்தான் உங்கப்பனுக்கு ஒட்ட வச்சிருக்கு, ஞாயித்துக்கிழமை ஆட்டோவுல ஏத்திக் குளத்துக்கரையில விட்டுட்டு வந்துருவோம்"னு முடிவே பண்ணிட்டாவ. உள்ளூர்ல ஒரு கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனேன். வீட்டுல டிபி இருக்குன்னு சொன்னதும் அவனைத் தொடக்கூட இல்ல. வாசல்லயே நிக்க வச்சு ஒரு டானிக் எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க.

நாய்க்கு டிபி வருமா? அவன்கிட்ட இருந்து அப்பாவுக்கு வந்திருக்குமா? பாப்பாவுக்கு வந்துருமா? செவலைன்னு ஒரு பூனையும் இருக்கு, அது நல்லாத்தான் இருக்கு. அப்பா ஒண்ணும் பேச மாட்டேங்காவ. ராத்திரி கட்டில்ல இருந்து கையைத் தொங்கப்போட்டு அவன் தலையைத் தடவிட்டுக் கிடக்காவ.


மேட்டுத்தெரு பெரியவர்

அம்மா, கோவப்படாதே. மூணு மாசக் குழந்தை இருக்கிற வீடு. நாய் வேற கிடைக்கும். சித்தப்பா சொல்றது குடும்பத்துக்கு நல்லதுதான்.


மாத்திரை அக்கா, மதுரை

பெரியவரே, வயசுக்கு மரியாதை வச்சே சொல்றேன். நீங்க சொல்ற இந்த "நல்லது" என் வீட்டுலயும் நடந்துச்சு.

எனக்கு 1998ல டிபி வந்துச்சு. அப்ப 26 வயசு. என்கூடப் படுத்துக்கிட்டிருந்த பூனையை என் மாமியார் வீட்டு ஆளுங்க சாக்குல போட்டு, வாயைச் சணல் கயித்தால கட்டி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாங்க. அதுக்கு ஒரு இருமல் கிடையாது, சளி கிடையாது. சாக்குக்குள்ள இருந்து அது கத்துனது இன்னைக்கும் என் காதுல இருக்கு. நான் ஆறே மாசத்துல குணமானேன். அது என்ன ஆச்சுன்னு தெரியாது. குணமான பிறகு இந்த வேலைக்கே வந்துட்டேன். டிபி நோயாளிகள் வீடு வீடாப் போயி மாத்திரை சரியாச் சாப்பிடுறாங்களான்னு பாக்குற வேலை.

தங்கச்சி, நாயைப் பத்தி டாக்டர் யாராவது சொல்லட்டும். வீட்டுக்கு வேண்டியதை நான் சொல்றேன். பாப்பாவுக்கு உடனே பரிசோதனை பண்ணணும். அப்பா மாத்திரை வாங்குற இடத்துலயே, "வீட்டுல மூணு மாசக் குழந்தை இருக்கு"ன்னு போய்ச் சொல்லு. நோய் இல்லைன்னு உறுதி பண்ணிட்டுத் தடுப்பு மருந்து குடுப்பாங்க. நீ, அம்மா, அண்ணன், அண்ணி எல்லாருமே பாத்துக்கணும். நாய் விஷயத்துல இந்த வேலை தள்ளிப் போயிரக் கூடாது, அதான் முதல்ல சொல்றேன்.

அப்பாவுக்கு முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த நாலு மாசம் மூணு மருந்து. சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும், அது மருந்தோட நிறம், ரத்தம்னு பயந்துடாதீங்க. மருந்து கேட்டுச்சுன்னா ரெண்டு வாரத்துலயே பரவுற சக்தி ரொம்பக் குறைஞ்சிரும். அதுவரைக்கும் ஜன்னல் இருக்கிற அறை இல்லைன்னா திண்ணை, வாயில ஒரு துணி. சளியைத் துப்ப மூடி போட்ட டப்பா வச்சு, அதுல பினாயில் ஊத்தி வையுங்க. நாய் நக்குற இடத்துல துப்பவே கூடாது. மாசம் 1000 ரூபாய் ஊட்டச்சத்துக்குன்னு பேங்க் கணக்குல வரும். 2018ல 500 ரூபாயா ஆரம்பிச்சது, 2024 நவம்பர்ல இருந்து 1000. பேங்க் புத்தகம் குடுத்தாச்சான்னு கேளு. முட்டையும் பருப்பும் அதுல வாங்கு.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ. அந்தக் காலத்துல டிபின்னாலே ஆளை மாசக்கணக்குல தங்க வைக்கிற டிபி ஆஸ்பத்திரிக்கு, தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்பிருவாங்க. 1956ல சென்னை சேத்துப்பட்டுல ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சு, ஒரு பகுதி ஏழை நோயாளிகளைச் சானடோரியத்துல வச்சும், இன்னொரு பகுதியை அவங்கவங்க நெருக்கடியான வீட்டுலயே வச்சும் ஒரே மருந்து குடுத்துப் பாத்தாங்க. 1959ல முடிவு வந்தது. வீட்டுல இருந்தவங்களும் அதே மாதிரி குணமானாங்க. கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால கூடுதலா நோய் வரல. வீட்டுலயே வச்சு மருந்து குடுக்குற வழக்கம் உலகம் பூரா பரவுறதுக்கு அது பெரிய காரணம். மாத்திரை உள்ள போற வீட்டுல இருந்து யாரையும் துரத்த வேண்டியது இல்லைன்னு நம்ம மெட்ராஸ்ல கண்டுபிடிச்ச விஷயம் இது.


ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

அன்பு மகளுக்கு,

33 வருடம் அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தவன். ஊரில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் என்பார்கள். உங்கள் கேள்விகளில் அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு நாயிடமிருந்து வந்திருக்குமா? மனிதக் காசநோய்க் கிருமி மனிதனிடமிருந்து மனிதனுக்குக் காற்றில் பரவுவது. நாய்க்கு அது வந்தால், அநேகமாக எல்லா நேரமும், வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் மனிதரிடமிருந்துதான் வந்திருக்கும். எதிர்த் திசையில் போவது மிக மிக அரிது. உங்கள் சித்தப்பாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

நான் பணியில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு டீக்கடை நாய். மாதக்கணக்கில் இருமி, எலும்பும் தோலுமாகிச் செத்தது. பிரேதப் பரிசோதனை செய்தோம். நுரையீரல் முழுக்கச் சாம்பல் வெள்ளை முடிச்சுகள், பட்டாணி அளவில். நெஞ்சுக்குள் நெறிக்கட்டிகள் எலுமிச்சங்காய் போல வீங்கியிருந்தன. கையுறையோடு அதைத் தொட்டபோதே எனக்குச் சந்தேகம். கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால் சிவப்புச் சிவப்பாகக் குச்சிக் கிருமிகள். அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போய், கல்லாவில் இருந்தவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அவர் ஒரு வருடமாக இருமிக்கொண்டிருந்திருக்கிறார், பீடி இருமல் என்று விட்டுவிட்டார். பிழைத்துக்கொண்டார். நாய் தன் சாவில் எசமானைக் காட்டிக்கொடுத்தது என்று அன்று எழுதி வைத்தேன்.

ஆகவே நாய்க்கும் காசநோய் வரும். ஆனால் சுலபத்தில் வராது. கூடவே வாழ்ந்தும் பெரும்பாலான நாய்கள் தப்பிவிடுகின்றன. மனிதக் கிருமிக்குப் பூனை இன்னும் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். பூனையைப் பிடிப்பது மாட்டுக் காசநோய்க் கிருமிதான். காய்ச்சாத பால், பச்சை இறைச்சி வழியாகப் போகும். நம் ஊர் மாடுகளிலும் அந்த நோய் உண்டு. செவலைக்குக் கறந்த பாலைப் பச்சையாக ஊற்றுகிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள்.

உங்கள் வெள்ளையன் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வயதுப் பொமரேனியன் கலப்பு இருமினால் என் மனதில் முதலில் வருவது வேறு. அந்த இனத்தில் மூச்சுக்குழாய் வளையங்கள் தளர்ந்து, தட்டையாக அமுங்கிப்போகும். வயதான சின்ன நாய்களில் இதய வால்வு கெட்டும் இருமல் வரும். கொசு மூலம் வரும் இதயப் புழுவும் உண்டு. எனவே சொல்லுங்கள்: சத்தம் எப்படி? எப்போது அதிகம்? எடை குறைந்ததா? காய்ச்சல் உண்டா? தாடைக்கு அடியில், முழங்காலுக்குப் பின்னால் கட்டி ஏதும் கையில் தட்டுகிறதா? உடம்பில் உண்ணி இருக்கிறதா? கடைசியாக வெறிநோய்த் தடுப்பூசி எப்போது?

இன்னொன்று. அப்பாவின் மாத்திரையைப் பிய்த்து நாய்க்குக் கொடுக்கலாம் என்று யாருக்காவது தோன்றியிருந்தால், வேண்டவே வேண்டாம். கல்லீரலைக் கெடுக்கும். அரைகுறையாகக் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.


தறிவீட்டுப் பொண்ணு

டாக்டர் ஐயா, அதைப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. எங்கம்மா நேத்தே அரை மாத்திரையைப் பொட்டலம் கட்டி அஞ்சறைப் பெட்டியில வச்சிருந்தாவ, வெள்ளையனுக்குன்னு. வாங்கித் தூரப் போட்டுட்டேன். அப்பாவுக்கு அன்னைக்கு ரெண்டரைதான் குடுத்திருக்காவ! இனிமே நானே எண்ணிக் குடுக்கேன்.

சத்தம் வாத்து கத்துற மாதிரி, காஞ்ச சத்தம். சளி வராது. அப்பா வெளிய போயிட்டு வந்தா வாலை ஆட்டி ஆட்டிக் குதிப்பான், அப்ப வரும். தண்ணி குடிச்சதும் வரும். சங்கிலியைப் புடிச்சு இழுத்தா கண்டிப்பா வரும். கொசுவத்தி கொளுத்துனா ராத்திரி பூரா. எடை குறையல, நல்லாக் குண்டாத்தான் இருக்கான், 11 கிலோ. கட்டி ஒண்ணும் தட்டல. உண்ணி காதுக்குள்ள ரெண்டு கெடந்துச்சு. ஊசி போட்டு மூணு வருஷம் ஆச்சு ஐயா. அது என் தப்புதான்.

நான் கேக்க நெனச்சதைக் கேட்டுருதேன். அவனுக்கு டிபின்னே வந்தா என்ன செய்வாங்க?


ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

வாத்துச் சத்தம், சந்தோஷத்தில், தண்ணீர் குடிக்கையில், சங்கிலி இழுக்கையில். எடை குறையவில்லை. மகளே, எனக்கு மூச்சுக்குழாய் மேல்தான் சந்தேகம். ஆனால் அப்பாவின் சளியில் கிருமி இருந்த வீடு என்பதால் கேட்டதை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கொண்டு போங்கள். நுழையும்போதே அப்பாவின் நோயைச் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

நாய் சளியைத் துப்பாது, விழுங்கிவிடும். அதனால் மனிதருக்குப் போல டப்பாவில் பிடிக்க முடியாது. தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்து அனுப்புவார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்க இரண்டு மாதம்கூட ஆகும். காசநோயைக் கண்டுபிடிக்கத் தோலில் போடும் ஊசிப் பரிசோதனை நாய், பூனைக்கு நம்பத்தக்கதல்ல.

அது காசநோயே என்று உறுதியானால், கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். பல நாடுகளில் கருணைக்கொலைதான் செய்யச் சொல்வார்கள், வீட்டிலுள்ளவர்களின் பாதுகாப்புக்காக. மருந்து கொடுத்தால் மாதக்கணக்கில் போகும். கைக்குழந்தை உள்ள வீட்டில் நானும் மருந்துக்குச் சம்மதிக்க யோசிப்பேன். அதை உங்களிடம் மறைப்பது நியாயம் இல்லை. ஆனால் குளத்துக்கரையில் விடுவது இரண்டில் எதுவுமே இல்லை. நோய் இருந்தால் அது ஊருக்குள் போகும், இல்லையென்றால் ஒன்பது வருடம் கட்டிலடியில் வளர்ந்த உயிர் தெருநாய்களிடம் கடிபட்டுச் சாகும்.

தடுப்பூசிக்கு மூன்று வருடம் ஆயிற்று என்கிறீர்களே, என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். நாயிடமிருந்து மனிதனுக்கு வந்து, வந்தால் பிழைக்கவே வைக்காத நோய் வெறிநோய். அதே பயணத்தில் அந்த ஊசியையும், எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து வரும் கூட்டு ஊசியையும் கேளுங்கள். எந்த நாய் கடித்தாலும், வீட்டு நாயே ஆனாலும், சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி.


கோவை லேப்ரடார் அப்பா

உண்ணி இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்காக மட்டும் எழுதறேன். எங்க பையனுக்கு, அதாவது எங்க லேப்ரடார் நாய்க்கு, மூக்குல ரத்தம் வந்து, ஈறு வெளுத்து, மூணு நாள் சாப்பிடலீங்க. உண்ணிக் கடியால வர்ற ரத்த நோய்னு கண்டுபிடிச்சு 28 நாள் மாத்திரை குடுத்தோம். எக்ஸ்ரேக்குப் போறப்ப ரத்தமும் எடுத்துப் பாத்துருங்க.


ரெடிங் முருகேசு

தங்கச்சி, நான் இங்கிலாந்துல பெர்க்‌ஷயர்ல இருக்கேன். பூனையைப் பத்தி டாக்டர் சொன்னதுக்கு ஒரு சாட்சி சொல்றேன். 2014 மார்ச்ல எங்க பக்கத்துல நியூபரில பெரிய பரபரப்பு. அந்தச் சுத்துவட்டாரத்துல ஒம்பது பூனைக்கு மாட்டு டிபி. பூனைகளோட பழகுன 39 பேரைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டாங்க, 24 பேர் வந்தாங்க. ரெண்டு பேருக்கு பூனைகிட்ட இருந்து அந்த நோய் வந்திருந்தது. ரெண்டு பேரும் மருந்துக்குக் கேட்டாங்க. எங்க வீட்டுலயும் பூனை இருந்ததால அந்த வாரம் என் பொண்டாட்டி தூங்கவே இல்ல. ஆனா சுகாதாரத் துறை, ஆபத்து ரொம்பக் குறைவுன்னு சொன்னதே தவிர, பூனையைத் தூக்கி எறியச் சொல்லல.

அதுக்கு நாலஞ்சு வருஷம் கழிச்சு, வெளிய காலே வைக்காத வீட்டுப் பூனைகளுக்கு அதே நோய். தேடிப் பாத்தா, எல்லாம் கடையில வாங்கின பச்சை மான்கறித் தீனி தின்ன பூனைங்க. டாக்டர் பச்சை இறைச்சி வேண்டாம்னு சும்மா சொல்லல.


தறிவீட்டுப் பொண்ணு
சனி இரவு

ராமையன்பட்டிக்குப் போயிட்டு வந்துட்டோம். பஸ்ஸுல நாயை ஏத்த மாட்டேன்னுட்டாவ, அண்ணன் ஆட்டோ பேசுனான். சித்தப்பாவும் கூட வந்தாவ. மாத்திரை அக்கா எழுதுனதையும் டாக்டர் ஐயா எழுதுனதையும் அவங்களுக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டுனேன். "நாங்கதான் அதுக்குக் குடுப்போம்னா எழுதியிருக்கு?"ன்னு கேட்டாவ. பெறவு பேசவே இல்ல.

அங்க அப்பாவுக்கு டிபின்னு சொன்னதும் முகக்கவசம், கையுறை போட்டுக்கிட்டாங்க. ஆனா மேசையில தூக்கி வச்சு நல்லாவே பாத்தாங்க. ஒரு டாக்டரம்மா கழுத்துல ரெண்டு விரலை வச்சு லேசா அமுக்குனாங்க, உடனே வாத்துச் சத்தம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துல புடிச்சு எனக்குக் காட்டுனாங்க. மூச்சுக்குழாய்ங்கது கருப்பா ஒரு குழாய் மாதிரி இறங்கி வருது. கழுத்து முடிஞ்சு நெஞ்சுக்குள்ள நுழையிற இடத்துல அது சப்பிப்போயி, பால் பாக்கெட் ஓரம் மாதிரி ஒடுங்கிக் கெடக்கு. நுரையீரல்ல முடிச்சு இல்ல, நெறிக்கட்டி வீங்கல. ரத்தத்துல உண்ணி நோய் இல்ல, இதயப் புழுவும் இல்ல.

டாக்டர் ஐயா சொன்னது அப்படியே சரியாப் போச்சு. கழுத்துப் பட்டையைக் கழட்டிட்டு நெஞ்சோட சேத்துக் கட்டுற வார் போடச் சொன்னாங்க. ரெண்டு கிலோ குறைக்கணும். கொசுவத்தி, அடுப்புப் புகை ஆகாது, வலை கட்டணும். இருமலுக்கு மருந்து. ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு எக்ஸ்ரே, அப்பா விஷயத்துக்காக. வெறிநாய் ஊசி போட்டாச்சு.

பாப்பாவுக்கும் பாத்தாச்சு அக்கா. நோய் இல்ல. தடுப்பு மருந்து ஆரம்பிச்சுட்டாங்க. எங்க எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்காங்க.


மாத்திரை அக்கா, மதுரை

இதை வாசிச்சிட்டு அடுப்படியில நின்னு அழுதேன் தங்கச்சி. அப்பாவை ஒரு நாள்கூட மாத்திரை தவற விடாதே. ரெண்டாவது மாசம் உடம்பு தேறுனதும், எல்லாருமே "சரியாயிருச்சே"ன்னு நிறுத்தப் பாப்பாங்க. அங்கதான் நான் நிறைய பேரைக் கோட்டை விட்டிருக்கேன்.


தறிவீட்டுப் பொண்ணு
இரண்டு மாதம் கழித்து

இத்தனை நாளா எழுதாம இருந்ததுக்கு மன்னிக்கணும். அப்பாவுக்கு ரெண்டாம் மாசச் சளி டெஸ்ட்ல கிருமி இல்ல. 46 கிலோ. அக்கா சொன்ன மாதிரியே "இனிமே எதுக்கு?"ன்னு கேட்டாவ, நான் விடல. வெள்ளையனோட ரெண்டாவது எக்ஸ்ரேயிலயும் நெஞ்சு சுத்தம். இருமல் முழுசாப் போகல, போகாதுன்னும் சொல்லிட்டாங்க, ஆனா ராத்திரி தூங்குதான். 10 கிலோவுக்கு வந்திருக்கான்.

அப்பா இப்ப பொறையை டீயில முக்குறதுக்கு முன்னாலயே ரெண்டாப் பிட்டுருதாவ. ஒண்ணை அவன் தட்டுல போட்டுட்டு, பெறவுதான் தனக்கு.

டாக்டர் ஐயா, இன்னொரு சந்தேகம். செவலைக்குக் காதோரம் வட்டமா முடி கொட்டி, ஓரம் செதில் செதிலா இருக்கு. பாப்பா இப்ப குப்புற விழுந்து, எதைப் பாத்தாலும் கையை நீட்டுதா. அதான் பயமா இருக்கு.


ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

வட்டமாக என்றால் படர்தாமரையாக இருக்கலாம் மகளே. அது பூஞ்சை, பாப்பாவுக்கும் உங்களுக்கும் ஒட்டும், ஆனால் மருந்துக்குக் கேட்கும். நாளைக்கே மருந்தகத்தில் காட்டி முடியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை செவலைக்குத் தனி அறை, தனித் துணி. அது படுத்த துணியை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெள்ளையன் தோலையும் ஒரு தடவை விலக்கிப் பாருங்கள். உங்கள் கையிலோ பாப்பா உடம்பிலோ வட்டமாகச் சிவந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள், கடையில் களிம்பு வாங்கித் தடவாதீர்கள்.